ஒடம்பு முடியாத சேவல வூட்லயே வெச்சு பாத்த அனுபவம் இருந்தா சொல்லுங்க

தண்டையார்பேட்ட மொட்டமாடி:

ஒரு வருசம் ஆவப்போவுது, இன்னும் மனசுல ஓடிக்கினே கீது, அதான் எழுதறேன். அஞ்சு மாச சேவல், கீரி கலரு, அப்பதான் கூவ கத்துக்கினு இருந்துச்சு, தொண்ட ஒடஞ்ச பையன் பாட்டு பாடற மாதிரி பாதியிலயே நின்னுடும். ஒரு நா காலைல சத்தமே காணோம். போய் பாத்தா வாட்டர் டேங்க்குக்கு பின்னாடி ரெக்கைய தொங்க போட்டுக்கினு, முடிய உப்பிக்கினு, கண்ண மூடி நிக்குது. கீழ பச்சையும் வெள்ளையுமா கழிஞ்சு வெச்சிருக்கு.

அந்த பச்சைய பாத்தவொடனே எல்லாரும் டாக்டர் ஆயிட்டாங்க. கீழ் வூட்டு அக்கா வெள்ளக்கழிச்சல்னு சொல்லிச்சு, மச்சான் போன்லயே அதே நோயத்தான் ராணிகேட்டுன்னான், அம்மா கண்ணு பட்டுடுச்சுன்னு உப்பு மொளகா சுத்தி போட்டாங்க. நானும் கழிச்சல்னே முடிவு பண்ணி ஆன்டிபயாடிக் பவுடர் வாங்கி தண்ணில கலக்கி ரெண்டு நா வெச்சேன். தண்ணி குடிச்சுச்சு. தீனி தொடல.

மூணாவது நா விடிகாலைல தூக்கும்போதுதான் கை கழுத்துக்கு கீழ பட்டுச்சு. எலுமிச்சம்பழத்தவிட பெருசு, கெட்டியா, பெசஞ்ச மாவ துணில கட்டி வெச்ச மாதிரி. ரெண்டு நாளா ஒண்ணும் துன்னாத சேவலுக்கு காலைல இரப்பை, அதான் கழுத்துக்கு கீழ துன்னது தங்கற பை, எப்டி ரொம்பி இருக்கும்? ராத்திரியே காலி ஆயிடணும், கோழி வளக்கற எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம், எனக்கும் தெரியும், தொட்டு பாக்கணும்னுதான் தோணல. வாய தொறந்தேன், புளிச்ச மாவு வாட. நாக்குக்கு அடில பச்சையா ஒரு நூல். புல்லுன்னு நெனச்சு இழுத்தா வந்துக்கினே கீது, ஒரு ஜாண் வந்து கெட்டியா நின்னுடுச்சு, அப்ப சேவல் கண்ண தொறந்து என்ன பாத்துச்சு பாருங்க. வல நூலு. நைலான். எதிர் வூட்டு அண்ணன் காசிமேட்டுல போட்டுக்கு போறவரு, மாடில ஒக்காந்து வல பின்னுவாரு, அவரு வெட்டி போட்ட துண்ட இது கொத்தி முழுங்கியிருக்கு.

டூட்டிக்கு டைமாச்சு, மீதிய அப்புறம் எழுதறேன். யாருக்காச்சும் இப்டி நோய மாத்தி புரிஞ்சிக்கினு மருந்து குடுத்த கத இருக்கா?

வியாசர்பாடி வல்லூறு:

உங்களுக்கு கழிச்சல் இல்லாம போச்சே, போய் தேங்கா ஒடைங்க. எங்க வூட்டுக்கு நெஜ கழிச்சல் வந்துச்சு, நாலு நாள்ல ஏழு போச்சு. ராணிகேட்டுன்னா ஏதோ ராணியோட கேட்டுன்னு நெனச்சுக்கினு இருந்தவன் நான், அது வடக்க மலைல ஒரு ஊரு பேராம், 1927ல நம்ம நாட்டுல அங்க கண்டுபுடிச்சதால அதே பேரு நின்னுடுச்சு.

எட்டுல ஒண்ணு பொழச்சுது, ஆறு மாச வல்லூறு சேவல். ஆனா கழுத்து திருவிக்கிச்சு. தல ஒரு பக்கமா முறுக்கி வானத்த பாக்கும். கம்பு போட்டா பசியோட கொத்தும், ரெண்டு விரக்கட தள்ளி சிமெண்டு தரைலதான் மூக்கு படும். டக்கு. மறுபடியும் டக்கு. கம்பு அங்கயே கெடக்கும். அந்த சத்தம் கேட்டா எங்க வூட்டுக்காரி சமையக்கட்டுலேந்து எழுந்து போயிடும். இருவது நா கம்பு மாவ பட்டாணி சைஸ்ல உருட்டி வாய தொறந்து உள்ள வெச்சோம். இப்ப நல்லாத்தான் கீது, திடீர்னு பட்டாசு வெடிச்சா மட்டும் தல ஆடும்.

அது வைரஸ் பாஸ், மருந்து கெடையாது. ஆன்டிபயாடிக் குடுத்து கழிச்சல கொணப்படுத்திட்டேன்னு யாராச்சும் சொன்னா, ஒண்ணு அது தானா பொழச்சிருக்கும், இல்ல அவரு கோழிக்கு வந்தது கழிச்சலே இல்ல. தடுப்பூசி ஒண்ணுதான் வழி.

பெரம்பூர் லோகோ:

வல்லூறு அண்ணா ஈஸியா சொல்லிட்டீங்க. நான் ஊசி போட்டும் மூணு செத்துச்சே, அதுக்கு இன்னா சொல்றீங்க? எட்டாவது வாரம் கரெக்டா ஆர்2பின்ற கழிச்சல் தடுப்பூசி வாங்கியாந்து ரெக்கைக்கு அடில தோல்ல போட்டேன். பத்து நாள் கழிச்சு கழிச்சல். நூறு டோஸ் பாட்டில், என்கிட்ட இருந்ததே நாலு, மிச்சத்த கீழ ஊத்தனேன்.

வியாசர்பாடி வல்லூறு:

எப்டி வாங்கியாந்தீங்க?

பெரம்பூர் லோகோ:

சட்ட பாக்கெட்டுல. மே மாசம். ஓட்டேரி சிக்னல்ல வேற மாட்டிக்கினேன். ஏன்?

வியாசர்பாடி வல்லூறு:

ஏன்னு கேக்கறீங்களே. அது உயிரோட இருக்கற மருந்துண்ணா, ஐஸ்ல வெச்சு எடுத்தாரணும், கலக்குனா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கணும். நீங்க வெறும் வெந்நிய போட்டிருக்கீங்க. பிப்ரவரில கால்நடை ஆஸ்பத்திரில கழிச்சலுக்கு இலவச ஊசி முகாம் நடக்கும், அங்க தூக்கினு போங்க, நூறு டோஸு வாங்கி கீழ ஊத்தற வேலையே இல்ல.

பெரம்பூர் லோகோ:

கடைக்காரன் ஒரு வார்த்த சொல்லல. சரி வுடுங்க.

கொருக்குப்பேட்ட ஆயா பேத்தி:

நான் இத யார்கிட்டயும் சொன்னதில்ல. எங்க ஆயா வளத்த சேவல், பேரு ராசு, நாலு மாசம். சளி புடிச்சு கொர் கொர்னு மூச்சு வுட்டுச்சு. ஆயா ஊர்ல இல்ல, நான்தான் பொறுப்பு. துளசி, மிளகு, மஞ்சள் போட்டு கசாயம் வெச்சு, ஆற வெச்சு, சின்ன டம்ளர்ல எடுத்து, வாய புடிச்சு தொறந்து ஊத்துனேன். நல்லா உள்ள போவுது போவுதுன்னு சந்தோசப்பட்டுக்கினே ஊத்துனேன். ரெண்டு தடவ கழுத்த நீட்டி வாய பொளந்துச்சு, மடிலயே தல சாஞ்சிடுச்சு. டம்ளர்ல பாதி அப்டியே இருந்துச்சு.

நாக்கு முடியற எடத்துல நடுவுல ஒரு ஓட்ட இருக்கு இல்ல, தொறந்து தொறந்து மூடும், அதான் மூச்சுக்குழாயாம். நான் அதுலதான் ஊத்திருக்கேன். மூக்கு ஓரமா சொட்டு சொட்டா வுட்டா அதுவே நக்கி முழுங்கிக்குமாம், இல்லன்னா சிரிஞ்சுல வாயோட ஓரத்துல வெச்சு மெல்ல வுடணுமாம். ஆயா வந்தப்ப நோய்ல போச்சுன்னு சொல்லிட்டேன். ஆயாவும் போன வருசம் போயிட்டாங்க.

எர்ணாவூர் ஆத்தோரம்:

எங்களுது வேற மாதிரி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல தண்ணி வந்துச்சு இல்ல, அதோட எண்ணெயும் வந்துச்சு, செவுத்துல இடுப்பு ஒசரத்துக்கு கருப்பா கோடு. சேவல் ரெண்டு நா காணோம், தண்ணி வடிஞ்சப்புறம் சந்துல கெடச்சுது, தாரு பூசுன மாதிரி. நடுங்கிக்கினே மூக்கால முடிய கோதுது, கோத கோத எண்ணெய் வாய்க்குள்ள போவுது. அத நிறுத்தணும்னு மூக்க புடிச்சுக்கினே ஒக்காந்திருந்தேன், வேற இன்னா பண்றதுன்னு தெரில. பாத்திரம் கழுவற லிக்விட வெதுவெதுப்பான தண்ணில போட்டு மூணு தடவ கழுவனோம். கரண்டு இல்ல, பல்பு வெக்க வழியில்ல. என் தம்பி லுங்கிக்குள்ள வெச்சு வயித்தோட கட்டிக்கினு ராத்திரி முழுக்க ஒக்காந்திருந்தான். பொழச்சுது. இப்பவும் அவன் வந்தாதான் கிட்ட போவும், சோறு போடறது நானு.

ரிட்டயர்டு மணலி:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு சேவலுக்கு அம்மை வந்தது. கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்பளம், பிறகு பொருக்கு. வேப்பிலை மஞ்சள் அரைத்துத் தடவினோம், மூன்று வாரத்தில் உதிர்ந்தது. அவ்வளவுதான் என் அனுபவம். ஆனால் மேலே படித்ததில் சில விஷயம் சொல்லியே ஆக வேண்டும். கழிசல் பச்சையாக இருந்தால் ராணிகேட் என்று முடிவு கட்டாதீர்கள், எந்தக் காரணத்தால் தீனி எடுக்காமல் போனாலும் பித்தநீர் மட்டும் இறங்கிப் பச்சையாகத்தான் போகும், தண்டையார்பேட்டை தம்பி ஏமாந்தது அங்கேதான். சேவல் சோர்ந்து நின்றால் முதலில் மருந்துக் கடைக்கு ஓடாமல் கையில் எடுங்கள். விடியற்காலையில் தீனி போடும் முன் இரைப்பையைத் தடவுங்கள். கல் மாதிரி இருந்தால் அடைப்பு, தண்ணீர் பை மாதிரி தளதளவென்று புளித்த நாற்றம் வந்தால் வேறு கதை. நெஞ்செலும்பைத் தடவுங்கள், கத்தி மாதிரி கையில் குத்தினால் இன்றைக்கு நேற்று வந்த நோய் இல்லை, வாரக்கணக்காக இளைத்திருக்கிறது, குடற்புழுவா என்று பார்க்க வேண்டும். இறக்கைக்கு அடியிலும் பின்பக்கமும் முடியை விலக்கிப் பேன் பாருங்கள். முகம் ஒரு பக்கம் வீங்கி மூக்கில் நாற்றச் சளி வந்தால் அது பாக்டீரியா, அதற்கு ஆன்டிபயாடிக் கேட்கும், டாக்டர் அளவு சொல்ல வேண்டும். குஞ்சுப் பருவத்தில் ரத்தமாகக் கழிந்தால் அதற்குத் தனி மருந்து. ஒரு கால் முன்னால் ஒரு கால் பின்னால் நீட்டிப் படுத்தால் மேரக்ஸ் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் இல்லை. எந்த நோயானாலும் உடனே மற்ற கோழியிலிருந்து பிரித்துத் தனிக் கூண்டில் போட்டுச் சூடு கொடுங்கள், அந்தக் காலத்துக் குண்டு பல்பு 60 வாட்ஸ், எல்.இ.டி. போட்டுவிட்டுச் சூடு வரவில்லை என்று சொல்லாதீர்கள். கழிச்சல் சமயத்தில் கைமருந்து என்றால் பத்துக் கோழிக்குச் சின்னச் சீரகம் 10 கிராம், மிளகு 5 கிராம், மஞ்சள் தூள் 5 கிராம், கீழாநெல்லி 50 கிராம், சின்ன வெங்காயம் 5, பூண்டு 5 பல், அரைத்துத் தீனியில் பிசைந்து கொடுக்கலாம். வைரஸைக் கொல்லும் என்று நான் சொல்லவில்லை, மற்ற கோழிகள் தெம்பாக இருக்கட்டும் என்று கொடுப்பது. மேலும் கூண்டுக்குச் சுண்ணாம்பு

வியாசர்பாடி வல்லூறு:

சார் பாதியில நின்னுடுச்சு.

ரிட்டயர்டு மணலி:

கை பட்டு அனுப்பிவிட்டேன். சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்று சொல்ல வந்தேன்.

பெரம்பூர் லோகோ:

சார் இங்க கேட்டது அனுபவம். அம்மைக்கு மூணு வரி, மத்ததுக்கு முப்பது வரி. ஆனா அந்த பச்ச மேட்டர் எனக்கு தெரியாது, தேங்க்ஸ்.

புளியாந்தோப்பு புதுசு:

ஒரு டவுட்டு. ஆன்டிபயாடிக் குடுத்த சேவல எத்தினி நாள் கழிச்சு அடிக்கலாம்?

தண்டையார்பேட்ட மொட்டமாடி:

யோவ், அனுபவம் சொல்ற எடத்துல கொழம்பு வெக்கறியா. மருந்துக்கு மருந்து நாள் மாறும், டப்பால போட்டிருக்கும், படிச்சுக்கோ.

மீதி கத. அந்த நூல அதுக்கு மேல இழுக்கல, இழுத்திருந்தா உள்ள அறுத்துருக்கும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, நம்ப புத்திசாலித்தனம் இல்ல, பயம். வாயோரமா கத்திரில வெட்டி வுட்டேன். ரெண்டு சொட்டு நல்லெண்ண வுட்டு அமுக்கி வுட்டு பாத்தேன், அசையல. கட்டப்பைல ஒக்கார வெச்சு தல மட்டும் வெளிய தெரியற மாதிரி, ஷேர் ஆட்டோ, அப்புறம் பஸ், வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரி. எனக்கு முன்னாடி ஒரு லேப்ரடார், பின்னாடி பெர்சியன் பூன. பூனக்காரம்மா என்ன மேலயும் கீழயும் பாத்துச்சு, கொழம்புக்கு வெச்சிருக்கறத வைத்தியத்துக்கு தூக்கினு வந்துட்டான்னு நெனச்சிருக்கும்.

டாக்டர் பொண்ணு, சின்ன வயசு. பேசவே இல்ல, நேரா கைய கழுத்துக்கு கீழ வெச்சுது. ரெண்டு நாளா நான் வெக்காத கைய அது மொத நிமிசத்துல வெச்சுது. முடிய புடுங்கி, மரக்க ஊசி போட்டு, ரெண்டு விரல் அகலம் கீறி, உள்ளேந்து எடுத்துச்சு: பச்ச நூலு சுத்தி சுத்தி, நடுவுல வைக்கோல், அரிசி, ஒரு சட்ட பட்டன். காக்கா கூடு மாதிரி இருந்துச்சு, சின்னதா. சுருக்கா தச்சு அனுப்பிட்டாங்க. பத்து நா தண்ணியா தயிர் சாதம். பதினொண்ணாவது நா காலைல நாலு மணிக்கு, இந்த தடவ பாதியில நிக்காம முழுசா கூவுச்சு. ஓனர் காலைலயே வந்து கத்திட்டு போனாரு.

எதிர் வூட்டு அண்ணன்கிட்ட அந்த நூல் உருண்டைய காட்டுனேன். ஒண்ணுமே சொல்லல. மறுநாள்லேந்து வல பின்னும்போது பக்கத்துல ஒரு காலி தண்ணி பாட்டில், வெட்டற துண்டெல்லாம் அதுக்குள்ள. இப்ப முக்கா பாட்டில் ரொம்பிடுச்சு.

புளியாந்தோப்பு புதுசு:

அண்ணே கோச்சுக்காதீங்க. கீரி குஞ்சு எறக்குனா ஒண்ணு சொல்லுங்க.