'நிலைப்படுத்திய கறை' வேண்டாம், 'ஏறிய கறை' என்போம்

அன்பின் அனைவருக்கும் வணக்கம்.

பிள்ளை மடுவங்களுக்கு (தோட்டத்துக் குழந்தைக் காப்பகங்களுக்கு) நாம் எழுதும் துவைப்புக் குறிப்பில், துணியைப் பிடித்துக்கொண்டு எளிதில் போகாத கறையைச் சொல்லும் 'செட் ஸ்டெயின்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'நிலைப்படுத்திய கறை' என்று போடலாம் என அக்கா எழுதியிருந்தார். எனக்கு அதில் ஒரு தயக்கம். 'படுத்து' என்று வந்தாலே யாரோ வேண்டுமென்று செய்தது போல ஆகிவிடுகிறது. படிகாரம் போட்டுத் துணியில் சாயத்தை நிறுத்துவதற்கு அந்தச் சொல் பொருந்தும். பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் கறையை யாரும் நிலைப்படுத்துவதில்லை, அது தானாகப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே தன்வினைச் சொல்தான் வேண்டும்.

'படிகறை'யும் சரிவராது. படிவது மேலே கிடப்பது. தூசி படியும், தட்டினால் போய்விடும். 'ஊறுகறை' காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் கறை எடுக்கத்தானே துணியை ஊறப்போடச் சொல்கிறோம்? படிக்கிற அம்மாவுக்குக் குழப்பம் வரும்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பீலிக்கரையில் (தண்ணீர் விழும் துவைக்கும் இடத்தில்) கேட்கிற பேச்சு இது: "கறை ஏறிருச்சு, இனி போகாது." துரு ஏறும், விஷம் ஏறும், சாயம் ஏறும். எல்லாவற்றிலும் ஒன்று இன்னொன்றுக்குள் புகுந்து, நேரம் போகப் போக அதோடு ஒன்றாகிவிடுகிறது. நாம் சொல்ல நினைப்பதும் அதுதானே. பள்ளிக்கூடத்தில் படித்த 'ஒட்சியேற்றம்' (காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மாறுவது) என்ற சொல்லிலும் இந்த ஏற்றம் இருக்கிறது.

தேயிலைக் கொழுந்துக் கறையில் நடப்பதே ஒட்சியேற்றம்தான். கொழுந்துச் சாறு துணியில் படும்போது அவ்வளவாகத் தெரியாது. காற்றுப்பட்டதும் இலையிலுள்ள நொதியம் (மாற்றத்தை விரைவாக்கும் புரதம்) கற்றெக்கின்கள் என்ற துவர்ப்புப் பொருள்களை ஒட்சியேற்றிப் பழுப்பாக்குகிறது. தொழிற்சாலையில் அரைத்த கொழுந்து செம்பு நிறமாவதும் இப்படித்தான். வாழைக்கறை கறுப்பதும் இதே வகை மாற்றம்தான். மலையிலிருந்து வந்த கையோடு தாய் பிள்ளையைத் தூக்கும்போது தோளில் பட்டது இரவு விளக்கில் தெரியாது. விடிந்து பார்த்தால் பழுப்பாக இருக்கும். 'ஏறியது' என்பதைத் தவிர இதற்கு வேறு வார்த்தை எனக்குத் தோன்றவில்லை.

'செட் ஸ்டெயின்' என்பதற்கு ஐயா சொன்ன 'உறைகறை'யை நான் விடச் சொல்லவில்லை. அதைப் பொதுச்சொல்லாக வைக்காமல், இரத்தம், பால், முட்டை போன்ற புரதக் கறைகளுக்கு வைத்துக்கொள்வோம். நாங்கள் இருக்கும் நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம், ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை அளவில்தான். பீலித் தண்ணீரில் கை விறைத்துப்போகும். அதனால் எதற்கும் சுடுதண்ணீர் வைப்பது எங்கள் வழக்கம். என் மகளுக்கு மூக்கில் இரத்தம் வந்து சீருடையில் பட்டபோது நானும் கொதிக்கக் கொதிக்கத்தான் ஊற்றினேன். முட்டை வெள்ளைக்கரு அவிந்து இறுகுவது போல இரத்தப் புரதமும் சூட்டில் உறைந்து நூலைப் பிடித்துக்கொண்டது. பச்சைத் தண்ணீரில் உடனே அலசியிருந்தால் பெரும்பகுதி போயிருக்கும். அந்தச் சட்டையை அவள் பிறகு பள்ளிக்குப் போடவே இல்லை. இந்தக் குறிப்பில் நான் இவ்வளவு பிடிவாதமாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

தேத்தண்ணி, கொழுந்து, வாழை ஆகியவற்றுக்குத் 'துவர்க்கறை' என்கிறேன். இவற்றில் கறையாகும் தனின் என்ற பொருளின் சுவையே துவர்ப்பு. செம்பழுப்பு நிறத்துக்கும் துவர் என்ற பெயர் உண்டு, துவராடை என்கிறோமே. சுவையும் நிறமும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது 'தனின் கறை' எதற்கு?

இந்த இரண்டு பெயரும் தனித்தனியாக இருந்தாக வேண்டும், ஏனென்றால் கை வைக்கும் முறையே வேறு. வெறுந்தேத்தண்ணியில் தேசிக்காய் பிழிந்தால் நிறம் வெளிறும்; காரம் (உறைப்பு அல்ல, அமிலத்துக்கு எதிரானது) சேர்ந்தால் கறுக்கும். சவுக்காரக் கட்டி காரம். அதனால் துவர்க்கறையில் முதலில் கட்டியைத் தேய்க்கக் கூடாது, நன்றாக அலசித் தேசிப்புளி விட வேண்டும். அந்த ஈரத்துணியைத் துருப்பிடித்த கம்பிக்கொடியில் போட்டால் இரும்பும் தனினும் சேர்ந்து மை போலக் கறுத்துவிடும். பழைய காலத்து எழுதும் மையையே அப்படித்தான் செய்தார்கள்.

இனி இலக்கணம். 'ஏறுகறை' என்று வினைத்தொகையாக்கலாமே என்று தம்பி கேட்டிருந்தார். வினைத்தொகை முக்காலத்துக்கும் பொதுவானது: ஏறிய கறை, ஏறுகின்ற கறை, ஏறும் கறை எல்லாம் அதற்குள் அடங்கும். மற்ற இடங்களில் அது அழகு. இங்கே ஏறிவிட்டதா, இன்னும் இல்லையா என்பதுதான் கேள்வியே. ஆகவே ஏறியதற்கு 'ஏறிய கறை', ஏறாததற்கு 'ஏறாக்கறை', நடக்கும் செயலுக்குக் 'கறையேற்றம்'. 'ஏறாக்கறை' என்றால் ஒருபோதும் ஏறாத கறை என்று யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்ற சந்தேகம் எனக்கும் இருக்கிறது. அப்படித் தோன்றினால் 'புதுக்கறை' என்றே போடலாம்.

அப்புறம் ஒன்று. குறிப்பில் நொதியம் கலந்த சலவைத் தூள் பற்றி வரும் இடத்தில் கம்பளிச் சுவெட்டரை விலக்கி எழுத வேண்டும். புரதத்தைச் சிதைக்கும் நொதியம் கம்பளியையும் தின்னும், கம்பளியே புரதம்தான். எங்கள் பிள்ளைகள் வருடம் முழுக்கச் சுவெட்டர் போடுகிறவர்கள்.

முதல் இரண்டு வரிகளை இப்படி வைக்கலாமா, பாருங்கள்:

"இரத்தம், பால், முட்டை உறைகறைகள். இவை ஏறும் முன் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், சுடுதண்ணீர் ஊற்ற வேண்டாம்."

"தேத்தண்ணி, கொழுந்து, வாழை துவர்க்கறைகள். காயவிடாமல் அலசித் தேசிப்புளி விடுங்கள், சவுக்காரம் பிறகு."

மடுவத்து அம்மாமார் இரண்டு மூன்று பேரிடம் வாசித்துக் காட்டிவிட்டு, அவர்கள் எந்தச் சொல்லில் தடுக்கினார்கள் என்று எழுதுங்கள்.