மூடிய தேனடை அறையில் தேனீப் புழு தலை நிமிர்ந்து சாகிறது, என்ன மருந்து?

கேள்வி (பாலிக் பூலாவ், பினாங்கு):
தென்னந்தோப்பில் அடுக்குத் தேனீப் பெட்டி. அறை மூடிகளில் ஓட்டை. உள்ளே தலை கறுத்த புழு, படகு மூக்கு மாதிரி நிமிர்ந்து கிடக்கிறது. மருந்து கொடுக்கலாமா அண்ணே?

பதில் 1:
முதலில் செத்த புழுவைத் தீக்குச்சியால் குத்தி மெல்ல இழுங்க. பழுப்பு நூலாக 2 செ.மீ.க்கு மேல் நீண்டால் அமெரிக்கன் ஃபவுல்புரூட் (பாக்டீரியாவால் புழு அழுகும் நோய்). அடுக்குத் தேனீயில் அது அபூர்வம். நூல் வராமல், இடுக்கியில் தண்ணீர்ப் பையாக முழுசாகக் கழன்று வந்தால் தாய் சாக்புரூட் வைரஸ் (புழுவைப் பை போலாக்கிக் கொல்லும் வைரஸ் நோய்). நீங்க சொல்வது இதுதான். மூடுவதற்கு முன்பே சுருண்டு மஞ்சளாகச் செத்தால் யூரோப்பியன் ஃபவுல்புரூட் (இதுவும் பாக்டீரியா நோய்தான்).

பதில் 2:
வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் கேட்காது, தேனில் எச்சம்தான் தங்கும். தயவுசெய்து ஊற்றாதீங்க.
மோசமான அடைகளை வெட்டி எரிங்க. ராணியை 2 வாரம் கூண்டில் வையுங்க: புதுப் புழு இல்லாததால் நோய்ப் பரவல் தடைபடும், அதற்குள் வேலைக்காரத் தேனீக்கள் அறைகளைச் சுத்தம் செய்துவிடும். மிச்ச அடைகளைத் தேனீக்கள் முழுக்க மூடியிருக்கணும். மழையில் தீனி குறைந்தால் 1:1 சர்க்கரைப் பாகு, பெட்டிக்குள்ளேயே. வெளியே வைத்தால் வேறு கூட்டத் தேனீக்கள் கொள்ளையடிக்க வரும், நோயும் பரவும்.

பதில் 3:
அடைச் சட்டங்களைப் பெட்டிக்குப் பெட்டி மாற்றவே கூடாது. திரும்ப வந்தால், நோய் தாங்கி நின்ற கூட்டத்தின் ராணி அறையை (புது ராணி வளரும் அறை) கொடுங்க.