பிஎஃப்சென்ஸ்: பிங் போகிறது, பெயர் போட்டால் எந்த சைட்டும் திறக்கவில்லை

கேள்வி:
பழைய மினி பிசியில் பிஎஃப்சென்ஸ் (ஃபயர்வால் மென்பொருள்). ஃபைபர் மோடம் பிரிட்ஜ் மோடில். பிபிபிஓஇ லாகின் (இணைய நிறுவனத்தின் யூசர்நேம், பாஸ்வேர்ட்) ஃபயர்வாலில். நேற்று கரண்ட் போய் வந்ததிலிருந்து 8.8.8.8-க்கு பிங் ஒழுங்காகப் போகிறது, ஆனால் எந்த சைட்டும் திறக்கவில்லை. லேப்டாப்பில் டிஎன்எஸ் (பெயரை ஐபியாக மாற்றும் சர்வர்) 1.1.1.1 என்று கையால் கொடுத்தால் எல்லாம் வருகிறது. பிஎஃப்சென்ஸின் சொந்த டிஎன்எஸ் சேவையான அன்பவுண்ட் ஓடுவதாகத்தான் காட்டுகிறது. ரூல் எதையும் தொடவில்லை. எங்கே பார்ப்பது?

பதில் 1:
1.1.1.1 வேலை செய்வதால் லைன், நாட் (முகவரி மாற்றம்), வெளியே போகும் 53-ம் போர்ட் மூன்றும் சரி. சிக்கல் ஃபயர்வால் பெட்டிக்குள்தான். லேப்டாப்பிலிருந்து 192.168.1.1-ஐ (ஃபயர்வாலின் லேன் ஐபி) குறிவைத்து டிக் (dig, டிஎன்எஸ் சோதிக்கும் கட்டளை) ஓட்டுங்கள். டைம்அவுட் என்றால் லேன் ரூலைப் பாருங்கள். டிசிபி மட்டும் திறந்து யூடிபி 53-ஐத் திறக்காமல் விட்டிருக்கலாம். சர்வ்ஃபெயில் (சர்வரால் பதில் தர முடியவில்லை என்ற பிழை) என்றால் அதே கட்டளையில் +சிடி (+cd, சரிபார்க்காமல் பதில் கேட்பது) சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். அப்போது ஐபி வந்தால் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பு (பதில் போலியா என்று கையொப்பத்தை வைத்துப் பார்ப்பது) தோற்கிறது. கையோடு டாஷ்போர்டில் தேதியையும் பாருங்கள்.

கேட்டவர்:
சர்வ்ஃபெயில்தான். +சிடி போட்டால் ஐபி வருகிறது. தேதி 2015 ஜனவரி 1!

பதில் 2:
அப்படியானால் பயாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது. பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை கடிகாரம் ஓடும். கரண்ட் போனதும் பழைய தேதிக்குத் திரும்பிவிடும். டிஎன்எஸ்செக் கையொப்பம் ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2015-இல் நிற்கும் அன்பவுண்டுக்கு இன்றைய கையொப்பம் இன்னும் செல்லுபடியாகாத ஒன்று. எல்லாப் பெயருக்கும் உச்சியில் உள்ள ரூட் மண்டலமே கையொப்பமிட்டது என்பதால் எல்லாப் பெயரும் விழுகிறது. இணையத்திலிருந்து நேரத்தை எடுத்துத் திருத்த வேண்டிய என்டிபிக்கோ சர்வர் பெயரின் ஐபி வேண்டும், அதுவும் அன்பவுண்டிடமிருந்துதான் வரவேண்டும். தானாக மீளாததற்கு இதுதான் காரணம்.

கன்சோலில் 8-ஐ அழுத்தி ஷெல்லுக்குப் போய், டேட் (date) கட்டளைக்குப் பின் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடத்தை இடைவெளியில்லாமல் 12 இலக்கமாகக் கொடுங்கள். பிறகு அன்பவுண்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள். என்டிபி பக்கத்தில் பெயர்களோடு ஒரு ஐபியும் சேர்த்து வையுங்கள். கிளவுட்ஃப்ளேரின் நேர சர்வர் 162.159.200.1. அடுத்த முறை கரண்ட் போனாலும் அதைப் பிடித்து நேரம் சரியாகிவிடும்.

பதில் 3:
அன்பவுண்ட் அமைப்பில் டிஎன்எஸ்செக் தேர்வுக்குறியை எடுத்துவிட்டாலும் சைட்டுகள் திறக்கும், ஆனால் தயவுசெய்து அதைத் தீர்வாக வைத்துக்கொள்ளாதீர்கள். போலிப் பதிலைத் தடுக்கும் சோதனை போய்விடும், கடிகாரமும் தப்பாகவே நிற்கும். 853-ம் போர்ட்டில் டிஎல்எஸ் வழியாக டிஎன்எஸ் அனுப்புகிறவர்களுக்கு குறியை எடுப்பதும் உதவாது; சான்றிதழ் தேதியில் மாட்டும்.

பேட்டரி சிஆர்2032. புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 2.7-க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றுங்கள். வாங்கும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்: பல மினி பிசிகளில் சாக்கெட் இருக்காது, இரண்டு பின் ஒயரோடு சுற்றிய செல்தான் இருக்கும். ஒயரோடு வருவதையே வாங்குங்கள், சிவப்பும் கறுப்பும் பழையதைப் போலவே இருக்கிறதா என்று பார்த்துச் சொருகுங்கள். வெறும் செல்லின் மேல் நேராக சால்டர் வைக்காதீர்கள், சூட்டில் வெடிக்கக்கூடும்.