நீண்ட பட்டியலைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்டியதில் ஆள் காணாமல் போன அனுபவம் உண்டா?

செமிகோலன்:
ரெயில்ஸில் (ரூபி வெப் ஃபிரேம்வொர்க்) எழுதிய ஆப், பக்கம் பிரிக்க காமினாரி லைப்ரரி. கல்வி உதவித்தொகை விண்ணப்பங்கள் 300, எக்செலிலிருந்து ஒரே மூச்சில் ஏற்றியவை. பக்கத்துக்கு 25, காமினாரி தானாகத் தருவது அதுதான், நான் கைவைக்கவில்லை. கிரியேட்டட் அட் (வரி உருவான நேரம்) படி வரிசை. டெஸ்ட் எல்லாம் பச்சை, அதாவது பாஸ்.

மூன்றாம் நாள் உதவித்தொகை அலுவலக அக்கா ஒரு கோடு போட்ட நோட்டோடு வந்து நின்றார். 12 பக்கத்தையும் திரையில் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கையால் எழுதியிருந்தார். 2ஆம் பக்கத்தில் வந்த ஒரு பெயர் 9ஆம் பக்கத்தில் மறுபடி. இரண்டிலும் சிவப்பு மையில் வட்டம். "தம்பி, எண்ணிக்கை 300 சரியா இருக்கு. ஆனா இந்தப் பிள்ளை ரெண்டு தடவை வருதே, அப்போ இன்னொரு பிள்ளை எங்கே?"

அந்த இன்னொரு பிள்ளை டேட்டாபேஸில் பத்திரமாக இருந்தாள். எந்தப் பக்கத்திலும்தான் இல்லை. மொத்தமாக ஏற்றியதால் 300 வரிக்கும் ஒரே கிரியேட்டட் அட். சமமான வரிகளை இந்த வரிசையில்தான் தருவேன் என்று எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் வாக்குக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு பக்கமும் தனிக் குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி), அதனால் பக்கத்துக்குப் பக்கம் வரிசை மாறலாம். வரிசையில், வரிக்கு வரி வேறுபடும் ஐடியையும் சேர்த்தேன், சரியாகிவிட்டது. அவர் கேட்காமல் விட்டிருந்தால் அந்தப் பெண்ணுக்குப் பணம் போயிருக்காது.

நைட் ஷிப்ட்:
எனக்கு கவுண்ட்டில், அதாவது மொத்த வரிகளை எண்ணுவதில், அடி. பக்கம் பிரிக்க வில் பேஜினேட் லைப்ரரி, நடந்ததையெல்லாம் பதியும் லாக் டேபிள், கோடிக்கணக்கில் வரிகள். கஸ்டமர் போனை ஸ்பீக்கரில் போட்டு, "நானே எண்ணுறேன், கேளுங்க" என்று ஒன்று, இரண்டு என எண்ண ஆரம்பித்தார். பதினொன்றில்தான் பக்கம் திறந்தது. நான் ஒன்றுமே பேச முடியாமல் உட்கார்ந்திருந்தேன். 30 வரி எடுக்கும் குவெரி சில மில்லிசெகண்ட்தான். "மொத்தம் எத்தனை பக்கம்" என்று கீழே நம்பர் போடத்தான் அத்தனை நேரமும். காமினாரிக்கு மாறி, மொத்தத்தை எண்ணாமல் விடும் வித்தவுட் கவுண்ட் போட்டோம். நம்பர் போய் 'அடுத்து' பட்டன் மட்டும் நின்றது. அதற்கு அவரிடம் சம்மதம் வாங்க இரண்டு வாரம்.

பழைய பைத்தான்:
நைட் ஷிப்ட், கவுண்ட்டை எடுத்தது பாதி வேலைதான். ஆஃப்செட் (எத்தனை வரியைத் தாண்ட வேண்டும் என்பது) 1,00,000 என்றால் டேட்டாபேஸ் அத்தனை வரியையும் படித்துத் தள்ளிவிட்டுத்தான் உங்கள் 30ஐத் தரும். பின்பக்கம் போகப் போக இழுக்கும். கடைசியாகப் பார்த்த வரியின் நேரத்தையும் ஐடியையும் பிடித்துக்கொண்டு "இதற்கு அப்புறம் 30" என்று கேளுங்கள், இரண்டுக்கும் சேர்த்து ஒரே இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) போடுங்கள். பிஎச்பி ஃபிரேம்வொர்க்கான லாராவெலில் கர்சர் பேஜினேட் இதைத்தான் செய்கிறது. 57ஆம் பக்கத்துக்கு நேரே தாவ முடியாது. லாக் பார்ப்பவருக்கு அது தேவையே இல்லை, தேதி வடிகட்டி கொடுங்கள். இன்னொன்று: பைத்தான் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில் வரிசை சொல்லாத குவெரியை பேஜினேட்டரில் போட்டால் வார்னிங் வரும். தயவுசெய்து அதை அடக்கி வைக்காதீர்கள்.

என் கதை சின்னது. 'அனுப்பாதவர்' என்று வடிகட்டி, பக்கம் பக்கமாக மெயில் அனுப்பி, அனுப்பியவரைக் குறித்துக்கொண்டே போனேன். முதல் பக்கம் முடிந்ததும் பட்டியல் சுருங்கிவிட்டது. இரண்டாம் பக்கம் கேட்டபோது நடுவில் ஒரு பக்க ஆட்கள் தப்பிவிட்டார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இப்படியே, பாதிப் பேருக்குத் தேர்வு அறிவிப்பே போகவில்லை.

செமிகோலன்:
@பழைய பைத்தான், 300 வரிக்கு கர்சர் வேண்டாம், ஐடி போதும். திருத்திய அன்று மாலை அக்கா பக்கத்தில் உட்கார்ந்து 12 பக்கமும் நான் வாசிக்க, அவர் நோட்டில் டிக் போட்டார். விடுபட்ட பிள்ளை 5ஆம் பக்கத்தில் வந்தாள். அந்தப் பெயரை மட்டும் அவர் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.