ராக்கெட்டை ஏவு ரெயிலில் நிமிர்த்திய பிறகு அல்டிமீட்டரை ஆன் செய்யும் நேரம்: நீங்கள் நேரில் பார்த்தது என்ன?

லூசர்ன்வாசி

கலிஃபோர்னியா லூசர்ன் வறண்ட ஏரியில் பார்த்த ஒன்று மனதை விட்டுப் போகவே இல்லை. நண்பருடைய ராக்கெட், கே ரக மோட்டார், உள்ளே இரண்டு ஸ்ட்ராட்டோலாகர், அதாவது உயரத்தை அளந்து, பாராசூட்டை வெளியே தள்ளும் வெடிமருந்துச் சார்ஜைப் பற்றவைக்கும் அல்டிமீட்டர். ஏணியில் ஏறி இரண்டு சுவிட்சையும் திருப்பிவிட்டார். காற்று அடிக்கிற அடியில் ஒன்றுமே கேட்கவில்லை. பக்கத்து ரெயிலில் நிற்கும் ராக்கெட்டும் பீப் அடித்துக்கொண்டிருக்கிறது, எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. மூன்று பீப் வந்தால்தானே ட்ரோக் (முதலில் வரும் சின்ன பாராசூட்), மெயின் (பிறகு வரும் பெரியது) இரண்டு சார்ஜுக்கும் இணைப்பு இருக்கிறது என்று அர்த்தம்? அது தெரியாமல், மோட்டாரைப் பற்றவைக்கும் இக்னைட்டரை அதில் செருக முடியாது.

அப்போது பெரியவர் ஒருவர் வந்தார். மீன் தொட்டிக்குக் காற்று விடுவார்களே, அந்த மெல்லிய ட்யூப் ஒரு முழம் கையில். முதல் அல்டிமீட்டரை அணைக்கச் சொன்னார். ட்யூபின் ஒரு முனையைக் காற்றுத் துளையில் அழுத்தி, மறு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, பீப்புக்கு ஒரு விரலாக நீட்டினார். இரண்டாவது விரலோடு நின்றுவிட்டது. மறுபடியும் இரண்டு. அப்படியென்றால் மெயின் மட்டும்தான், ட்ரோக் சார்ஜ் இணைப்பில் இல்லை. அணைத்து, இறக்கி, பிரித்துப் பார்த்தால் டெர்மினலில் இருந்து ஒரு வயர் நழுவியிருந்தது. அந்த ட்யூப் இல்லாமல் போயிருந்தால், எல்லோரும் "சரி, ஏதோ பீப் கேட்டது" என்று இறங்கி வந்திருப்போம்.

முன்னாள்_அணி_மாணவி

மாணவர் ராக்கெட் போட்டியான ஸ்பேஸ்போர்ட் அமெரிக்கா கோப்பைக்கு நியூ மெக்சிகோ போயிருந்தபோது பக்கத்து அணிக்கு நடந்தது. திருகை முடுக்கினால் ஆன், தளர்த்தினால் ஆஃப் ஆகும் திருகு சுவிட்ச். இரண்டையும் முடுக்கிவிட்டார்கள், பிறகு காற்று கூடியதால் எல்லோரையும் அணைக்கச் சொல்லி அறிவிப்பு வந்தது. ஏணி மேல் இருந்த பையன் திருகைத் தளர்த்தினான், தளர்த்தினான், அது மொத்தமாகக் கழன்று உள்ளே விழுந்துவிட்டது. டக், டக் என்று ராக்கெட்டின் ட்யூபுக்குள் இடித்துக்கொண்டு போன சத்தம் கீழே நின்ற எங்களுக்கே கேட்டது. அவன் கை அப்படியே நின்றுவிட்டது. காரணம், இன்னொரு அல்டிமீட்டர் அப்போதும் ஆனில் இருக்கிறது, வெடிமருந்துச் சார்ஜ் தயாராக இருக்கிறது, எங்கே என்று தெரியாமல் ஓர் இரும்புத் துண்டு உள்ளே உருண்டுகொண்டிருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டி இரண்டாவதை அணைத்தான். அதற்கப்புறம் திருகு சுவிட்ச் என்றாலே எனக்கு ஆகாது.

ஸ்லெட்_கட்டுபவர்

திருகு சுவிட்சைக் குறை சொல்வது நியாயமில்லை தங்கச்சி. திருகின் அடிமுனையைக் கொஞ்சம் நசுக்கிவிட்டாலோ, சுவிட்சுக்கு எதிரே ட்யூபில் போடும் துளையைத் திருகின் தலையைவிடச் சிறியதாக வைத்து சுவிட்சை அதை ஒட்டிப் பொருத்தினாலோ, அது எங்கே கழன்று விழும்? கட்டியவிதத்தில் இருக்கிற குறை அது.

பலர் கேட்பதால் சொல்கிறேன். நான் போடுவது ஷுர்ட்டர் ரோட்டரி சுவிட்ச். மின்சாதனங்களில் 115, 230 வோல்ட் மாற்றுவதற்காகச் செய்தது. நடுவில் ஸ்க்ரூ டிரைவருக்குப் பள்ளம், திருப்பினால் அழுத்தமாக உட்காரும், கழன்று விழ எதுவும் இல்லை. ஸ்லைடு சுவிட்ச்தான் போடுவேன் என்றால் அது நகரும் திசை ராக்கெட்டின் நீளவாக்கில் இருக்கக்கூடாது, குறுக்காக வையுங்கள். இல்லாவிட்டால் மோட்டார் தள்ளும்போது தானே ஆஃப் ஆகலாம். சுவிட்சுக்குப் போகும் வயர் பல இழை வயராக இருக்கட்டும். சால்டர் செய்த இடத்தை ஒட்டி ஜிப் டை போட்டுக் கட்டுங்கள், அங்கேதான் அறுகும். சார்ஜ் எதுவும் இணைக்காமல் சுவிட்சை ஆன் செய்து, ஸ்லெட்டை, அதாவது அல்டிமீட்டரைப் பொருத்திய பலகையை, கையில் பிடித்து நன்றாக உலுக்குங்கள். அல்டிமீட்டர் ஒரு கணம் நின்று மறுபடி முதலிலிருந்து பீப் அடிக்க ஆரம்பித்தால் எங்கோ தொடர்பு விடுகிறது என்று அர்த்தம். நண்பர் ஒருவரின் ஸ்லெட் என் மேஜையில் அப்படித்தான் நின்று நின்று அடித்தது. அந்த சுவிட்சோடு மறுநாள் பறக்கவிட இருந்தார்.

நெவாடா_பயணி

ஆன் செய்வதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். எனக்கு உறுத்துவது ஆஃப்.

பிளாக் ராக் பாலைவனம், நல்ல வெயில். பக்கத்தில் ஒருவர் வைஃபை மூலம் ஆன் செய்யும் அல்டிமீட்டர் வைத்திருந்தார். ஏணி வேண்டாம், தள்ளி நின்று போனிலேயே ஆன் செய்யலாம், எனக்கும் பிடித்த முறைதான். ஆன் ஆனது. பட்டனை அழுத்தினார்கள், இக்னைட்டர் எரிந்தது, மோட்டார் பிடிக்கவில்லை. இனி கிட்டே போய்க் கை வைக்க வேண்டும் என்றால் முதலில் அல்டிமீட்டரை அணைக்க வேண்டும். போனை எடுத்தால் சூடு அதிகம் என்று எச்சரிக்கை, திரை செத்துவிட்டது. மனிதர் போனைச் சட்டைக்குள் நிழலில் வைத்து விசிறுகிறார். மேலே ராக்கெட் அது பாட்டுக்கு நிற்கிறது, சார்ஜ்கள் உயிரோடு.

அந்தக் கருவி தானே ஒரு வைஃபையை உருவாக்கி ஒரு பக்கத்தைக் காட்டுவது, அவ்வளவுதான். பாஸ்வேர்ட் தெரிந்தால் எந்த போனும் போதும். நல்லவேளை, அதை அட்டையில் எழுதிப் பெட்டியில் ஒட்டியிருந்தார். என் போனில் அடித்து அணைத்தோம். அவருடைய போனில் மட்டும் சேமித்திருந்தால்?

முன்னாள்_அணி_மாணவி

ஸ்லெட் அண்ணா, கட்டியவிதத்தில் குறை என்பது சரி. ஆனால் விடியற்காலையிலிருந்து வெயிலில் நின்ற பையன் ஏணியில் நின்று செய்யப்போகும் வேலைக்கு, கழலவே முடியாத ஒன்றைக் கொடுப்பதும் கட்டுகிறவர் பொறுப்புதான் இல்லையா? நீங்கள் சொன்ன ரோட்டரியே அதற்குச் சாட்சி.

லென்ஸ்_காரர்

நான் படம் எடுக்கப் போகிறவன். புல்-பின் சுவிட்ச் ராக்கெட் ஒன்று. பின்னை உருவினால் ஆன், உள்ளே இருந்தால் ஆஃப், பின்னில் சிவப்பு நாடா. ராக்கெட் நேராக, அழகாக ஏறியது. உச்சியில் வளைந்தது, எதுவும் வெளியே வரவில்லை. "ஹெட்ஸ் அப்" என்று மைக்கில் கத்தினார்கள். விசில் மாதிரி ஒரு சத்தம் வர வர ஏறியது, அப்புறம் தூரத்தில் புழுதி. மூக்கு குத்தி இறங்கிவிட்டது.

கூடாரத்துக்கு வந்து கேமராத் திரையில் பெரிதாக்கினேன். ரெயிலை விட்டுக் கிளம்பும் படத்தில், நெருப்புக்கு மேலே, உடலோடு ஒட்டி அந்தச் சிவப்பு நாடா. இரண்டு அல்டிமீட்டர், இரண்டு பின் இருந்திருந்தால், ஒன்று உருவப்படவில்லை என்றால்கூட மற்றது காப்பாற்றியிருக்கும். அதில் இருந்ததே ஒன்றுதான். படத்தை அவரிடம் காட்டினேன். பேசாமல் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

நாடாவை நீளமாக்குங்கள் என்று பலர் சொல்வார்கள். இது முழம் நீளம் இருந்தது, ஏணியை எடுக்கும்போது யார் கண்ணிலும் படவில்லை. எங்கள் பக்கம் இப்போது சிலர் வேறு மாதிரி செய்கிறார்கள்: இக்னைட்டர் வைத்திருப்பவர் பின்னைக் கையில் வாங்கிக்கொண்டுதான் இக்னைட்டரைத் தருவார். இரண்டு அல்டிமீட்டர் என்றால் இரண்டு பின்.