பத்தாண்டு முடியும் கார்: புதுப்பிப்பதா, மின்சாரக் கார் வாங்குவதா, விட்டுவிடுவதா?

செங்காங்வாசி:
வணக்கம். சிங்கப்பூரில் 2016இல் பதிவுசெய்த எங்கள் பெட்ரோல் காரின் வாகன உரிமைச் சான்றிதழ் (ஏலத்தில் பெறும், பத்தாண்டுக்குக் கார் வைத்திருக்கும் உரிமை) இவ்வாண்டு முடிவடைகிறது. நானும் மனைவியும் ரயிலில்தான் வேலைக்குச் செல்கிறோம். கார் பெரும்பாலும் என் அம்மாவை வாரத்திற்கு மூன்று முறை சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் செல்லவே பயன்படுகிறது. எனக்குக் காரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. மாமனாரோ, வசதி இருந்தும் கார் இல்லாமல் கல்யாண வீட்டுக்குப் போய் இறங்கினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்கிறார். அண்ணன், மின்சாரக் கார் வாங்கினால் சுற்றுச்சூழலுக்கும் நல்லது, கௌரவமும் குறையாது என்கிறார். அவர் சொல்வதில் பாதி உண்மை இருப்பதால்தான் குழப்பம். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கணக்கர்:
முதலில் பணத்தைப் பார்த்துவிடுவோம். நம் ஊரில் காரைவிடக் காரை வைத்திருக்கும் உரிமைக்குத்தான் பெருந்தொகை போகிறது. 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான ஏ பிரிவுச் சான்றிதழ் 106,000 வெள்ளியையும் பெரிய கார்களுக்கான பி பிரிவு 150,001 வெள்ளியையும் எட்டின. 100,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டாலே, பத்தாண்டுக்கு மாதம் 830 வெள்ளிக்கு மேல் வருகிறது; கார் விலை, காப்புறுதி, சாலை வரி, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நிறுத்துமிடக் கட்டணம் எதுவும் இதில் சேரவில்லை. அம்மா போய்வர மாதத்திற்கு ஏறத்தாழ 26 டாக்சிப் பயணங்கள் ஆகும். ஒன்றுக்கு 20 வெள்ளி என்றாலும் 520 வெள்ளிதான்.

புதுப்பித்தால் இன்னொரு இழப்பும் உண்டு. பத்தாண்டு நிறைவதற்குள் பதிவை ரத்துசெய்தால், காரைப் பதிவுசெய்தபோது நீங்கள் செலுத்திய கூடுதல் பதிவுக் கட்டணத்தில் பாதி திரும்பக் கிடைக்கும். புதுப்பித்தவுடன் அது போய்விடும். அதன் பிறகு சாலை வரியிலும் ஆண்டுக்கு 10 விழுக்காடாகக் கூடுதல் கட்டணம் ஏறி, 50 விழுக்காடு வரை செல்லும். மின்சாரக் காருக்கான சலுகைகளோ 2025இல் 40,000 வெள்ளி வரை இருந்து, 2026இல் 30,000 வெள்ளியாகக் குறைந்துள்ளன. பெட்ரோல் வரிக்கு ஈடாக ஆண்டுக்கு 700 வெள்ளி சாலை வரியோடு சேர்த்து வாங்கப்படுவதையும் விற்பனையாளர்கள் முதலில் சொல்வதில்லை.

பொங்கோல் ஓட்டுநர்:
நான் மின்சாரக் கார் ஓட்டுகிறேன். எங்கள் புளோக்கின் கார் நிறுத்துமிடத்திலேயே மின்னூட்டும் வசதி இருப்பதால் சிரமம் எதுவுமில்லை. அண்ணன் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். நம் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அப்படியிருந்தும், ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோல் கார் ஏறத்தாழ 2.4 டன் கரியமில வாயுவை வெளியிடும் இடத்தில் மின்சாரக் கார் ஒரு டன்னுக்கும் குறைவாகவே காரணமாகிறது. ஆனால் நிறைய ஓடும் காருக்குத்தான் இந்த ஆதாயம். வாரத்தில் மூன்று நாள் மருத்துவப் பயணத்துக்கு மட்டும் வெளியே எடுக்கும் காரில், மின்கலத்தைத் தயாரிக்கும்போதே வெளியான கரியமில வாயுவை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 2018 பிப்ரவரி முதல் கார்களின் எண்ணிக்கை கூட அரசு அனுமதிக்கும் வளர்ச்சி விகிதம் பூஜ்ஜியம் என்பதால், நீங்கள் விடும் இடம் ஏலத்தின் வழியே வேறொருவருக்குப் போகும். சாலையில் கார்களின் எண்ணிக்கை குறைந்துவிடாது. இருந்தாலும் பத்தாண்டுக்குப் புதுப்பித்தால் உங்கள் பெட்ரோல் கார் 2036 வரை ஓடும். பதிவை ரத்துசெய்தாலோ அந்த இடத்திற்கு மின்சாரக் கார் வர நல்ல வாய்ப்பு இருக்கிறது.

அல்லி:
பணம், கடன் அட்டை, கார், கொண்டோமினியம், கிளப் உறுப்பியம் என்று ஒரு காலத்தில் நம் ஊரே எண்ணிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் உழைத்து முன்னேறியவரின் கவலை உங்கள் மாமனாருடையது. அதை அற்பமென்று ஒதுக்காதீர்கள். ஆனால், பிறர் மெச்சுவதற்கான செலவைச் சுற்றுச்சூழலின் பெயரில் எழுதும் பழக்கம் என்னை வருத்துகிறது. பெரிய மின்சாரக் காரை வாங்கிவிட்டு, பேருந்தில் போகிறவரிடம் பூமியைக் காப்பதைப் பற்றிப் பேசுகிறோம். அந்தப் பேருந்துப் பயணி ஏற்கெனவே நம்மைவிடக் குறைவாகத்தான் மாசுபடுத்துகிறார், ஒரு வெள்ளி சலுகையும் பெறாமல்.

என் மாமியாருக்கும் இதே சிகிச்சை நடந்தது. போகும்போது பேருந்து போதும். இப்போது எல்லாப் பொதுப் பேருந்துகளிலும் சக்கர நாற்காலியை ஏற்றலாம். திரும்பும்போதுதான் உடல் துவண்டு, தலைசுற்றி, நிற்கவே முடியாமல் இருப்பார். அந்நேரம் டாக்சிக்காகக் காக்க வைக்காதீர்கள், முன்பதிவு செய்துவிடுங்கள். சிகிச்சை நிலையத்திலேயே போக்குவரத்து உதவி உண்டா என்றும் கேட்டுப் பாருங்கள்.

செங்காங்வாசி:
மூவருக்கும் நன்றி. திரும்பும் பயணத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. நாளை நிலையத்தில் விசாரிக்கிறேன். அங்கு ஏற்பாடு கிடைத்தால், பத்தாண்டு நிறைவதற்கு முன்பே பதிவை ரத்துசெய்துவிடுவேன். திரும்பக் கிடைக்கும் தொகையை அம்மாவின் டாக்சிச் செலவுக்கென்று தனியாக வைக்கப் போவதாக மாமனாரிடம் நானே சொல்கிறேன்.