புது டேப்லெட் கைக்குப் பழகிய தருணம்: உங்கள் மனசில் எது நிற்கிறது?

எழுத்தாணி

டேப்லெட் வாங்கியதே எழுதத்தான், அதனால் விசைப்பலகை உறையையும் கூடவே வாங்கிவிட்டேன். கணக்கு, வைஃபை எல்லாம் ஏற்றி, உறையில் பொருத்தினேன். உடனே, நான் வழக்கமாகத் தமிழ் அடிக்கும் செயலி திரையிலிருந்து போய்விட்டது. ஐபேட் போன்ற சில டேப்லெட்களில் வெளியே ஒரு விசைப்பலகையை மாட்டினால், நாமாக நிறுவிய விசைப்பலகைச் செயலிகள் ஒதுங்கிக்கொள்ளும், இயங்குதளத்தோடு வரும் விசையமைப்பு மட்டும்தான் நிற்கும். அமைப்புகளுக்குள் போய், தமிழுக்கென்றே வகுத்த தமிழ்99 விசையமைப்பைச் சேர்த்தேன். இப்போது கண்ட்ரோலையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறுகிறது.

அன்று அடித்த முதல் சொல் 'பக்கம்'. க விசையை இரண்டு முறை தட்டினேன், முதல் க-வுக்குப் புள்ளி தானாக விழுந்தது. அப்புறம் 'தங்கம்'. ங அடித்து க அடித்ததும் நடுவில் புள்ளி வந்துவிட்டது. இடது கை உயிரெழுத்து, வலது கை மெய்யெழுத்து என்று பிரித்து, அடிக்கடி வரும் எழுத்துகளை விரலுக்கு அடியிலேயே வைத்து 1999-லேயே இதை யோசித்திருக்கிறார்கள். ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து ஒலிபெயர்த்தே பழகிய கைக்கு அன்றைக்குத்தான் தமிழ் நேராக வந்தது. அந்தப் பக்கத்தை அழிக்க மனசு வரவில்லை, 'பக்கம் தங்கம்' என்ற கோப்பு இன்னும் இருக்கிறது.

குறை ஒன்றுதான். உறையோடு தூக்கினால் மடிக்கணினி அளவுக்குக் கனக்கிறது. சரி, உங்களுக்கு மறக்காமல் நிற்கும் தருணம் எது?

கோடும் நிறமும்

எனக்குச் சத்தம்தான். வெறும் கண்ணாடியில் பேனா வைத்தால் டக் டக் என்று தட்டும், ழ எழுதினால் சுழி முடிய வேண்டிய இடத்தைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போகும். மேட் படலம் ஒட்டிய அன்று அந்தச் சத்தம் சரசரவென்று மாறியது. கோடு நான் நிறுத்திய இடத்தில் நின்றது. தூங்கப் போகாமல் என் இடது கையையே திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தேன், உள்ளங்கை திரையில் அழுந்தக் கிடந்தும் வேண்டாத கோடு ஒன்றுகூட விழவில்லை. படலத்தால் வெள்ளைப் பக்கம் கொஞ்சம் மணல் தூவினமாதிரி தெரியும், பேனா முனையும் சீக்கிரம் தேயும். ஆனாலும் அதை உரிக்க மாட்டேன்.

எழுத்தாணி, உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. விசைப்பலகைதான் வேண்டும் என்றால் மடிக்கணினி எதற்கு இருக்கிறது? டேப்லெட்டின் உயிர் பேனாவில்தான். சாம்சங்கின் எஸ் பென் வகைப் பேனாவுக்கு வரைவதற்குச் சார்ஜே தேவையில்லை, திரைக்கு அடியில் இருக்கும் தகடுதான் அதற்கு வேண்டிய சக்தியைக் கொடுக்கிறது. ஆண்ட்ராய்டில் கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டில் தமிழ்க் கையெழுத்து வசதியும் இருக்கிறது, விரலாலோ பேனாவாலோ எழுதினால் அச்செழுத்தாகிவிடும். உறையைக் கழற்றி வைத்துவிட்டு எழுதிப் பாருங்கள்.

மழைத்துளி

படலம், பேனா எல்லாம் இருக்கட்டும். நான் உறையைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

அப்பாவுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறது. கண்ணுக்கு வசதியாக இருக்கட்டும் என்று பெரிய திரை டேப்லெட்டாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தோம். அவருக்கு அவ்வளவு பிடித்துப்போனது. மல்லாந்து படுத்துச் செய்தி படிப்பார், தூக்கம் வந்தால் அட்டையை மூடி அப்படியே நெஞ்சில் வைத்துக்கொள்வார். வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் என் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தார். "இதை எங்கே வைத்துப் படிக்கிறார்?" என்று கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். டாக்டர் எழுந்து வந்து அட்டையின் ஓரத்தில் ஓர் ஊக்கை வைத்தார். ஊக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது.

அட்டை மூடியதும் திரை அணைவது காந்தத்தால்தான். அந்தக் காந்தம் பேஸ்மேக்கருக்கு மேலேயே வந்தால் கருவி இதயத்தைக் கவனிப்பதை விட்டுவிட்டு ஒரே வேகத்தில் துடிப்புக் கொடுக்கும் நிலைக்குப் போகக்கூடும் என்றார். அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஊக்கு ஒட்டியது என் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

கரைசேரா ஓடம்

மழைத்துளி, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெரியவர்களிடமிருந்து டேப்லெட்டையே பிடுங்கிவிடப் போகிறார்கள். காந்தத்தின் வலு தூரம் கூடக் கூடச் சடசடவென்று குறைந்துவிடும். மேசையில் வைத்துப் படித்தால் ஒன்றும் இல்லை. என் மாமியார் பேஸ்மேக்கரோடுதான் தினமும் பேரனோடு வீடியோவில் பேசுகிறார், டேப்லெட் அவர் முன்னால் ஸ்டாண்டில் நிற்கும். அந்த முக மலர்ச்சியை யாரும் நிறுத்திவிடக் கூடாது.

மழைத்துளி

பிடுங்கச் சொல்லவில்லை, தள்ளி வைக்கத்தான் சொல்கிறேன். ஆப்பிளே தன் உதவிக் குறிப்பில் 15 செ.மீ.க்கு மேல் விலக்கி வைக்கச் சொல்கிறது. 2013-இல் இதயத் துடிப்பு மருத்துவர்களின் மாநாட்டில் 14 வயது மாணவி ஒருவர் ஐபேட் 2-ஐயும் அதன் காந்த அட்டையையும் வைத்துச் செய்த ஆய்வை முன்வைத்தார். நெஞ்சில் வைத்தபோது சிலருக்கு ஐசிடி கருவியின் (ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்ய உடலுக்குள் பொருத்துவது) வேலை தடைப்பட்டது. அப்பாவும் இப்போது ஸ்டாண்டுக்கு மாறிவிட்டார், படுத்துப் படிக்க, கட்டிலோரம் மாட்டி டேப்லெட்டைப் பிடிக்கும் வளையும் தாங்கி ஒன்று வாங்கினோம்.

தாமரை இலை

என் கதை சின்னது. புது டேப்லெட்டில் முதல் படம் போட்டேன், கதாநாயகியின் முகம் ஆவி படிந்த மாதிரி மங்கல். அதே திரையில் என் கேமரா வீடியோ பளிச்சென்று இருந்தது. காரணம் வைட்வைன் எல்3 என்று அப்புறம் தெரிந்தது. வைட்வைன் என்பது படங்களை நகலெடுக்க விடாமல் காக்கும் கூகுளின் பூட்டு, அதில் எல்1 உயர்ந்த நிலை, எல்3 தாழ்ந்த நிலை.

வாங்கப் போகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஓடிடி செயலிகள் எச்டி தரத்தில் கொடுக்க வேண்டும் என்றால் ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் வைட்வைன் எல்1 இருக்க வேண்டும். எல்3 என்றால் பல செயலிகள் 480பி-யோடு நிறுத்திவிடும், திரை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் சரி. டிஆர்எம் இன்ஃபோ என்ற செயலியை நிறுவினால் எந்த நிலை என்று காட்டும், திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் பார்த்துவிடுங்கள்.

வைஃபை மட்டும் உள்ள பல டேப்லெட்களில் ஜிபிஎஸ் கிடையாது. காரில் வழிகாட்ட வைக்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள். அப்புறம் கேபிள். டைப்-சி எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் பெட்டியோடு வருவது பெரும்பாலும் யூஎஸ்பி 2.0, நொடிக்கு 480 மெகாபிட்தான் உச்சம். படங்களை வெளி வட்டுக்கு மாற்ற வேறு கேபிள் வேண்டும், டேப்லெட்டின் துளையும் அந்த வேகத்துக்கு ஒத்துழைக்க வேண்டும்.

பேட்டரியை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் முதல் நாளே போட்டுவிடுங்கள். டேப்லெட் பெரும்பாலும் சார்ஜரிலேயே கிடக்கும் பொருள், லித்தியம் பேட்டரி முழுக்க நிரம்பிச் சூட்டில் கிடந்தால்தான் சீக்கிரம் தளரும். வாட்ஸ்அப்பை இணைத்த கருவியாகச் சேர்த்துக்கொள்ளலாம், போனைத் தவிர நான்கு கருவிகள் வரை ஏற்கும். ஆனால் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். போனில் வருவதெல்லாம் இங்கேயும் மணியடித்தால் படிக்கவும் முடியாது, வரையவும் முடியாது.

வாசிப்பவள்

தாமரை இலை, இவ்வளவையும் யாரும் கேட்கவில்லையே! ஆனாலும் 80 சதவீதத்தைப் போட்டுவிட்டேன், நன்றி.

என்னுடையது பாட்டி. அச்சுப் புத்தகத்தை விட்டே ரொம்ப நாளாகிவிட்டது, எழுத்து தெரியவில்லை என்பார். பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தரும் மதுரைத் திட்ட இணையதளத்திலிருந்து திருவாசகம் இறக்கித் திறந்து கொடுத்தேன். இரண்டு விரலால் விரிக்கலாம் என்று ஒருமுறைதான் காட்டினேன். அவர் விரித்தார், வரி திரையை விட்டு வெளியே ஓடியது, இழுத்துப் பிடித்தார், மறுபடி விரித்தார். அப்புறம் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். நான் உதவிக்குக் கையை நீட்டினால் தட்டிவிட்டார். யாரையும் எதிர்பார்க்காமல் அவர் படித்ததை நான் பார்த்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது!

ஒரு சந்தேகம். அந்தப் பழைய பிடிஎஃப்-இல் சொல்லைத் தேடினால் எதுவுமே அகப்படவில்லை. கண்ணுக்கு எதிரே இருக்கும் சொல்லைக்கூட இல்லை என்கிறது. செயலியின் கோளாறா?

எழுத்தாணி

செயலியின் கோளாறாக இருக்காது. மதுரைத் திட்டம் 1998-இல் தொடங்கியது, ஆரம்பக் கால நூல்கள் டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியாக்கத்தில் ஏற்றப்பட்டவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், ஆனால் உள்ளே இருக்கும் குறிகள் இன்று எல்லாக் கருவிகளும் பயன்படுத்தும் யூனிகோடு அல்ல, அதனால் நீங்கள் அடிக்கும் சொல்லோடு பொருந்தாது. அதே நூலின் யூனிகோடு பதிப்பு இணையப் பக்கமாக (எச்டிஎம்எல்) அதே தளத்தில் இருக்கும், அதை இறக்குங்கள். பாட்டிக்கும் அதுவே வசதி. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்குள்ளேயே மடங்கி வரும், இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை.